ஒரு குண்ட்டா நிலம்: மகாராஷ்டிரச் சிறுநகரங்களில் வீட்டுமனை விதித் தளர்வின் வரலாறு

முதல் உலகப் போர் தொடங்கியிருந்த காலத்தில் பம்பாய் மாகாணத்தில் இரண்டு பணிகள் நடந்துகொண்டிருந்தன. ஒன்று, 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகர அமைப்புச் சட்டம். இந்தியாவில் நகர அமைப்புக்கென இயற்றப்பட்ட முதல் சட்டம் அதுவே. மற்றொன்று, புனே வேளாண் கல்லூரியின் முதல்வராயிருந்த ஹெரால்ட் மான், புனே நகருக்கு வெளியே இருந்த பிம்ப்ளே சௌதாகர் என்னும் சிற்றூரில் நடத்திய நில ஆய்வு. முன்னதன் அக்கறை நகரம். பின்னதன் அக்கறை வயல். ஆயினும் இரண்டையும் வாட்டிய கவலை ஒன்றுதான்: நிலம் சிறு சிறு துண்டுகளாக, பயன்படாத வடிவங்களில் சிதறுவது.

இந்த இரு பணிகளிலிருந்தும் இரண்டு சட்ட மரபுகள் கிளைத்தன. நகர அமைப்புச் சட்டம் துண்டுகளை ஒன்றுசேர்த்து மறுபடி வரைய முனைந்தது. வயலைப் பற்றிய கவலையோ, துண்டாவதையே தடைசெய்யும் சட்டமாக 1947-இல் வடிவெடுத்தது. மகாராஷ்டிரத்தின் சிறுநகரங்களில் எளிய குடும்பங்கள் வீடு கட்டும் கதையை ஆராய்ந்தால் ஒரு விந்தை புலப்படும். அவர்களுடைய வீட்டைத் தீர்மானித்ததில் நகரத்துக்காக எழுதப்பட்ட சட்டத்தைவிட வயலுக்காக எழுதப்பட்ட சட்டத்துக்கே பங்கு மிகுதி. கடந்த கால் நூற்றாண்டில் அறிவிக்கப்பட்ட தளர்வுகள் பலவும் அந்த வயற்சட்டத்தின் பிடியிலிருந்து அவர்களை விடுவிக்க முயன்றவையே.

மானின் ஆய்வு 1917-இல் நூலாக வெளிவந்தது. 1771-இல் அவ்வூரில் சராசரியாக 40 ஏக்கராக இருந்த ஒரு நில உடைமை, 1914-15-இல் 7 ஏக்கராகச் சுருங்கியிருந்ததை அது பதிவுசெய்தது. 156 உடைமையாளர்களிடம் 729 துண்டுகள் இருந்தன. அவற்றுள் 463 துண்டுகள் ஒரு ஏக்கருக்கும் குறைவானவை. இந்த எண்கள் மாகாண அரசின் வேளாண் வட்டாரத்தில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தின. வேளாண்துறை இயக்குநராயிருந்த கீட்டிங், நிலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பிரிக்கப்படுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று வாதிட்டுவந்தார்.

இந்த நோக்குக்கு எழுந்த மிக ஆழமான மறுப்பு பி. ஆர். அம்பேத்கருடையது. இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி அவர் 1918-இல் எழுதிய கட்டுரை, நோயின் இடத்தையே மாற்றிக் காட்டியது. உடைமை சிறிதாயிருப்பதற்குக் காரணம், நிலத்தைத் தவிர வேறு பிழைப்பில்லாமல் அளவுக்கு மிஞ்சிய மக்கள் அதனையே நம்பியிருப்பது. அவர்களுக்கு வேறு தொழில் கிடைக்காதவரை, பிரிக்காதே என்று ஆணையிடுவதால் பயனில்லை என்பது அவர் வாதம். 1927-இல் சிறு உடைமை மசோதா மாகாணச் சட்டமன்றத்துக்கு வந்தபோதும் அவர் அதை எதிர்த்தார். பலரை நிலமற்றவர்களாக்கிச் சிலர் கையில் நிலத்தைச் சேர்க்கும் ஏற்பாடு அது என்பது அவர் பார்வை. கூட்டுறவுச் சாகுபடியே மாற்று என்றார். பரவலான எதிர்ப்பினால் மசோதா கைவிடப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், விடுதலை பெற்ற ஆண்டிலேயே அந்த எண்ணம் சட்டமாயிற்று. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் நிலத்துண்டாக்கத் தடுப்பு மற்றும் ஒருங்கிணைப்புச் சட்டம், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு 'நிலையான அளவை' நிர்ணயிக்க வகைசெய்தது. அதற்குக் குறைந்தது துண்டு. துண்டு உருவாகும்படி நிலத்தை விற்பதும், பாகம் பிரிப்பதும் செல்லாதவை. மாநில மறுசீரமைப்புக்குப் பின் இச்சட்டம் மராத்வாடா, விதர்பப் பகுதிகளுக்கும் விரிந்தது. பெயரில் இரண்டு பணிகள் இருந்தன: தடுப்பது, ஒருங்கிணைப்பது. ஒருங்கிணைப்புக்கு அளவையாளரும் ஊர்க்கூட்டமும் பல ஆண்டு உழைப்பும் தேவை. அது ஆங்காங்கே பாதியில் நின்றது. தடுப்புக்குத் தேவைப்பட்டது சட்டப் பிரிவு ஒன்று மட்டுமே. அது நிலைத்துவிட்டது.

இச்சட்டத்தை இயற்றியவர்களின் மனத்தில் இருந்தது சோளக்கொல்லையும் கரும்புத் தோட்டமும். வீடு அவர்கள் எண்ணத்தில் இல்லை. ஆனால் ஒரு சிறுநகரம் வளர வேண்டுமானால் அதைச் சூழ்ந்த சாகுபடி நிலத்தின்மீதுதான் வளர முடியும். பார்ஷி, உத்கீர், அமல்நேர், கராட் போன்ற ஊர்களின் விளிம்பிலுள்ள நிலம் வருவாய்ப் பதிவேட்டில் வேளாண் நிலமே. ஆகவே அங்கே ஒரு தொழிலாளி வீட்டுக்கென வாங்க விரும்பும் சிறு மனை, சட்டத்தின் கண்ணில் ஒரு துண்டு வயல். விற்கக் கூடாத பொருள்.

அம்மனையின் வழக்கமான அளவு ஒரு குண்ட்டா. நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம். அதன் பாதி 33 அடி. 33 அடிக்கு 33 அடிச் சதுரமே ஒரு குண்ட்டா: 1,089 சதுர அடி, ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டரை சென்ட். இரண்டு அறை, சமையற்கட்டு, முன்னே ஒரு துளசிமாடம் என ஒரு குடும்பத்துக்கு அது போதும். 2023 ஆகஸ்டில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு நிலையான அளவு குறைத்து அறிவிக்கப்பட்ட பிறகும், பாசன நிலத்துக்கு 10 குண்ட்டா, மானாவாரி நிலத்துக்கு 20 குண்ட்டா என்றே அது நின்றது. எளியவர் வாங்கக்கூடிய அளவுக்கும் சட்டம் விற்க விடும் அளவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் சிறுநகர வீட்டுமனைச் சந்தை முழுவதும் வளர்ந்தது.

முறையான வழி இல்லாமல் இல்லை. நிலச் சொந்தக்காரர், 1966-ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கான அனுமதி பெற வேண்டும். மக்கள் வழக்கில் அதற்கு 'என்.ஏ.' என்று பெயர். மனைப்பிரிவு வரைபடத்துக்குத் திட்டமிடல் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். சாலை குறைந்தது 9 மீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். நிலம் ஏறத்தாழ ஒரு ஏக்கரை எட்டினால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக விடப்படவும் வேண்டும். இவை முடிந்தபின் அந்த நிலம் வேளாண் நிலமாக இராது. துண்டாக்கத் தடையும் அதைத் தீண்டாது.

இந்த வழியின் விலையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் சாலைக்கும் திறந்தவெளிக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால், 40 குண்ட்டாவில் விற்க மிஞ்சுவது ஏறத்தாழ 26. அனுமதி கிடைக்கும்வரை முதல் முடங்கிக் கிடக்கும். சாலையும் வடிகாலும் சொந்தச் செலவில் அமைக்கப்பட வேண்டும். அனுமதி பெறாதவர் பத்தடிச் சந்து ஒன்றை விட்டுவிட்டு 36 குண்ட்டாவை அடுத்த மாதமே விற்றுவிடலாம். பெருநகரத்தில் நில விலை உயர்வாயிருப்பதால் முறையான மனைப்பிரிவின் செலவை அது தாங்கும். சிறுநகரத்தில் விலை குறைவு; சாலை, திறந்தவெளி, அனுமதி ஆகியவற்றின் சுமையோ ஏறத்தாழ அதே அளவு. ஆகவே, பெருநகர அளவுகோலில் நியாயமாகத் தோன்றும் விதி, சிறுநகரத்தில் முறையான மனையையே அரிதாக்கியது.

அனுமதியில்லாத விற்பனையும் தனக்கென ஒரு சடங்குமுறையை உண்டாக்கிக்கொண்டது. முன்பின் அறியாத பத்துப் பதினொரு குடும்பங்கள் சேர்ந்து, நிலையான அளவை எட்டும் ஒரு பரப்பைக் கூட்டாக வாங்கும். பத்திரத்தில் அனைவரும் பிரிக்கப்படாத பங்கின் சொந்தக்காரர்கள். தமிழ்நாட்டின் சிட்டா, அடங்கலுக்கு ஒப்பான 'சாத்-பாரா' என்னும் ஏழு-பன்னிரண்டு படிவத்தில் அவர்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். எந்த மூலை எவருடையது என்பதை அரசுப் பதிவேடு அறியாது. ஒரு கையெழுத்து வரைபடமும் சுண்ணாம்புக் கோடும் மட்டுமே அறியும். அதற்கும் வசதியில்லாதவர், முத்திரைத்தாளில் நோட்டரி சான்றளித்த ஒப்பந்தத்தோடு மன அமைதி கொள்வார். இப்படி உருவான குடியிருப்புகளுக்கு மராத்தி மொழி ஒரு பெயரும் கொடுத்துவிட்டது: குண்ட்டேவாரி.

இக்குடியிருப்பாளர்கள் நிலத்தை ஆக்கிரமித்தவர்கள் அல்லர் என்பது கருதத்தக்கது. குடிசைப் பகுதிச் சட்டங்கள் கருதும் புறம்போக்குக் குடியேற்றத்திலிருந்து இது அடிப்படையில் வேறானது. இவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். விற்றவரும் உண்மையான சொந்தக்காரரே. குற்றம் அளவில் மட்டுமே இருந்தது. அந்த ஒரு குற்றத்தின் விளைவுகளோ பல. தனிப் பெயரில் பதிவேடு இல்லாததால் வங்கி வீட்டுக்கடன் தராது. கட்டட அனுமதி கிடைக்காது. கூட்டுப் பங்காளிகளில் ஒருவர் இறந்து வாரிசுகள் பெருகினால், மற்றவரின் விற்பனைக்கும் அவர்கள் ஒப்பம் தேவைப்படும். நகராட்சி வீட்டுவரி வசூலிக்கும். ஆனால் வரி ரசீது உரிமைச் சான்றாகாது என்று அதே ரசீதில் அச்சிட்டுவைக்கும்.

1966-இல் இயற்றப்பட்ட மகாராஷ்டிர மண்டல மற்றும் நகர அமைப்புச் சட்டம், ஒவ்வொரு நகராட்சியும் வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் 'அ' வகுப்பு நகராட்சி முதல் 25,000 பேர் வாழும் 'இ' வகுப்பு நகராட்சி வரை கடமை ஒன்றே. ஆனால் அதை நிறைவேற்றும் நகர அமைப்பு அலுவலர்களும் அளவையாளர்களும் சிறிய நகராட்சிகளில் இல்லை. திட்டம் வந்து சேர்வதற்குள் நகரம் அதைத் தாண்டிச் சென்றிருந்தது. 1976-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் மற்றொரு அழுத்தத்தைச் சேர்த்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்திரள்களில் அது பொருந்தியது. அவற்றின் விளிம்பில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு, அரசு எடுத்துக்கொள்வதற்குள் நிலத்தைச் சிறிதாக்கி விற்றுவிடும் தூண்டுதலை அளித்தது. நடுவண் அரசு 1999-இல் அதை நீக்கியது. மகாராஷ்டிரம் 2007 நவம்பரில்தான் அந்நீக்கத்தை ஏற்றது.

2001 இவ்வரலாற்றில் திருப்புமுனையான ஆண்டு. அவ்வாண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றம் குண்ட்டேவாரி வளர்ச்சிகள் (முறைப்படுத்தல், மேம்படுத்தல், கட்டுப்பாடு) சட்டத்தை இயற்றியது. மக்கள் இட்ட பெயரே சட்டத்தின் பெயராயிற்று. 2001 ஜனவரி 1-க்கு முன் தனியார் நிலத்தில் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட மனைகளை, இணக்கக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் பெற்றுக்கொண்டு முறைப்படுத்தலாம். அளவுக் குற்றத்தை அரசே மன்னித்த முதல் பெருஞ்செயல் இது. ஆனால் அடுத்த நாள் வாங்குபவருக்கு இச்சட்டத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்காகச் சிறுமனைகளைக் கொண்ட முறையான மனைப்பிரிவை யார், எந்த விலையில் உருவாக்குவது என்ற கேள்வி எழுப்பப்படவே இல்லை.

அதே 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல், பழைய பம்பாய் மாகாணத்தின் 1915 மரபை மகாராஷ்டிரத்தோடு பகிர்ந்துகொண்ட குஜராத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கச்சின் தலைநகரான புஜ், நெருக்கமான தெருக்களைக் கொண்ட கோட்டை நகரம். இடிபாடுகளிலிருந்து மக்கள் வெளியேற வழியில்லாமற்போன நகரம். அதை மீண்டும் கட்டுவதற்கு, 1915-இல் பிறந்து 1976-இன் குஜராத் சட்டத்தில் தொடர்ந்த நகர அமைப்புத் திட்ட முறை கையாளப்பட்டது. கோட்டைப் பகுதி எட்டுத் திட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. எல்லா மனைகளும் ஒரே நிலமாகக் கருதப்பட்டு, சாலைகள் வரையப்பட்டு, ஒவ்வொருவருக்கும் சற்றே சிறிதான, சீரான வடிவுள்ள மனை திருப்பித் தரப்பட்டது. சாலைக்கான இழப்பு எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் இல்லை: பெரிய மனையிலிருந்து கூடுதலாகவும் சிறிய மனையிலிருந்து குறைவாகவும் எடுக்கப்பட்டது, மிகச் சிறிய மனைகள் தொடப்படவில்லை.

புஜ் நகரை இலட்சிய முன்மாதிரியாகக் கொள்வதும் பிழையாகும். சொந்தக்காரர்களின் நிலத்தை மறுவரைவு செய்த அத்திட்டத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் எளிதில் இடம்பெறவில்லை. பேரிடர் தந்த நிதியும் அரசியல் உறுதியும் இயல்பான காலத்தில் ஒரு சிறுநகரத்துக்குக் கிட்டா. குஜராத்தும் அதே 2001-இலும், பின்னர் 2011, 2022 ஆண்டுகளிலும் அனுமதியற்ற கட்டடங்களை முறைப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. மன்னிப்பின் தேவை அங்கும் தீரவில்லை. ஆயினும் ஒப்பீட்டில் ஒரு செய்தி உறுதிப்படுகிறது. துண்டான நிலத்தைக் கையாளச் சட்டத்துக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. தடுக்காமலும், தடுத்தபின் மன்னிக்காமலும், சேர்த்து வரைந்து பகிர்ந்து தருவது அது. மகாராஷ்டிரத்தின் 1966 சட்டத்திலும் அவ்வழி எழுத்தில் இருந்தது. நடைமுறை பல பத்தாண்டுகள் இழுத்ததால் அது வழக்கொழிந்தது போலாயிற்று.

அடுத்த கட்டத் தளர்வுகள் தில்லியிலிருந்து வந்த உந்துதலோடு இணைந்தவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு வியப்பை வெளிக்கொணர்ந்தது: நகராட்சி அந்தஸ்து இல்லாமலே நகர இயல்பு பெற்றுவிட்ட 'கணக்கெடுப்பு நகரங்கள்' 2001-இல் 1,362 ஆக இருந்து 3,894 ஆகப் பெருகியிருந்தன. இந்திய நகரமயத்தின் பெரும்பங்கு நகர அமைப்பு அலுவலகமே இல்லாத ஊர்களில் நிகழ்ந்துகொண்டிருந்தது. 2015 ஜூனில் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம், மாநிலங்களுக்குச் சில சீர்திருத்த நிபந்தனைகளை விதித்தது. திட்ட வரைபடத்தில் குடியிருப்புப் பகுதியாகக் குறிக்கப்பட்ட நிலத்துக்குத் தனியே வேளாண்மை அல்லாத அனுமதி கேட்கக் கூடாது. சிறு வீடுகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வரைபடங்களின் அடிப்படையில் அனுமதி தானாகவே கிடைத்ததாகக் கொள்ள வேண்டும் என்பவை அவற்றுள் சில.

மகாராஷ்டிரம் தன் நில வருவாய்ச் சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்த்து முதல் நிபந்தனையைப் பெரும்பாலும் நிறைவேற்றியது. இறுதி வளர்ச்சித் திட்டம் உள்ள பகுதியில் தனி அனுமதி தேவையில்லை என்றாயிற்று. பின்னர், ஊர் நத்தத்தின் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள நிலத்துக்கும் இச்சலுகை நீண்டது. 2017-இல் துண்டாக்கத் தடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. திட்டங்களில் வீடு, வணிகம், தொழில் முதலிய பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் தடையை மீறி நடந்த பழைய விற்பனைகளை, சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை கட்டணம் செலுத்தி முறைப்படுத்தலாம். எழுபது ஆண்டுகளுக்குப் பின், வயற்சட்டம் தன் வரம்புக்குள் வீடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் கால் பங்கு மதிப்பை ஒரே முறையில் செலுத்தக்கூடிய குடும்பங்கள், தொடக்கத்திலேயே முறையான மனையை வாங்கியிருக்கக் கூடியவை. கட்டணம் யாருக்காக வகுக்கப்பட்டதோ அவர்களுக்கு எட்டவில்லை.

2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், மும்பை மாநகரையும் சில சிறப்புப் பகுதிகளையும் தவிர்த்து மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்பைத் தந்தன. அதில் மக்கள் பேச்சுக்குப் பெரிதும் இலக்கான சலுகை, 150 சதுர மீட்டர் வரையிலான மனையில் வீடு கட்ட வழக்கமான அனுமதி தேவையில்லை என்பது. வரைபடத்தை ஒப்படைத்துக் கட்டணம் செலுத்திய ரசீதே போதும். 300 சதுர மீட்டர் வரை பத்து நாளில் அனுமதி. ஒரு குண்ட்டா என்பது ஏறத்தாழ 101 சதுர மீட்டர். விதியை எழுதியவர்கள் குண்ட்டாவை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும்.

ஆனால் அந்த ரசீதைப் பெற உரிமை ஆவணமும், மனை ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவைச் சேர்ந்தது அல்லது முறைப்படுத்தப்பட்டது என்பதற்கான சான்றும் வேண்டும். வீடு கட்டுவதற்கான வாயில் அகலத் திறக்கப்பட்டது. மனையை அடைவதற்கான வாயில் இருந்தபடியே இருந்தது. வீட்டுவசதித் திட்டத்தில் தாமே வீடு கட்டிக்கொள்ளும் பயனாளிக்கு நடுவண் அரசு தந்த 1.5 லட்சம் ரூபாய் உதவியும் இதே தடையில் முட்டியது. நில உரிமையைக் காட்ட இயலாதவருக்கு அந்த உதவி இல்லை. தளர்வின் பயன் மனைக்கு ஏற்கெனவே ஒழுங்கான ஆவணம் உள்ளவரிடம் போய்ச் சேர்ந்தது.

பதிவு அலுவலகங்கள் எதிர்த்திசையில் சென்றன. 2021 ஜூலை 12-இல், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு இல்லாமல் ஒன்று, இரண்டு குண்ட்டாத் துண்டுகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று பதிவுத்துறைத் தலைவர் சுற்றறிக்கை விடுத்தார். அதே ஆண்டில் அரசு குண்ட்டேவாரிச் சட்டத்தைத் திருத்தி, மன்னிப்பின் கடைசி நாளை 2020 டிசம்பர் 31-க்கு நகர்த்தியது. ஒரு துறை கதவை மூட, இன்னொரு துறை கடந்தகாலக் கதவைத் திறந்தது. 2022 மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு அச்சுற்றறிக்கையை நீக்கியது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 2024 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் 25 விழுக்காட்டுக் கட்டணத்தை 5 விழுக்காடாகக் குறைத்தது. 2025 ஜூலையில், நகர்ப்புறப் பகுதிகளில் அவ்வாண்டு ஜனவரி 1 வரை உருவான ஒரு குண்ட்டா அளவிலான துண்டுகளுக்குத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று வருவாய்த்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏறத்தாழ 50 லட்சம் குடும்பங்கள் பயன்பெறும் என்பது அரசின் கூற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கட்டணமே இல்லாமல் முறைப்படுத்த வகைசெய்யப்பட்டது. 25, 5, 0 என்று இறங்கிவந்த இந்த வரிசையைத் தாராள மனத்தின் வளர்ச்சி என்றும் படிக்கலாம். சட்டம் தன் ஆணையின்மீது படிப்படியாக நம்பிக்கை இழந்ததின் வரலாறு என்றும் படிக்கலாம்.

இங்கே இரு தரப்பு வாதங்களுக்கும் செவிகொடுக்க வேண்டியுள்ளது. விதிகள் எளியவருக்கு எதிரானவை. அவற்றைத் தளர்த்தினால் மனை பெருகும், விலை குறையும் என்பது ஒரு தரப்பு. மகாராஷ்டிர வரலாறு இதற்குப் பெரிதும் சான்று தருகிறது: குறைந்தபட்ச அளவை உயர்த்தி வைத்ததால் சிறுமனை மறைந்துவிடவில்லை, ஆவணமற்றதாக மட்டுமே ஆயிற்று. மறுதரப்பு, சாலையகலமும் வடிகாலும் திறந்தவெளியும் அலுவலகத்தின் வீம்பு அல்ல என்கிறது. தீயணைப்பு வண்டியும் மருத்துவ ஊர்தியும் பத்தடிச் சந்துக்குள் திரும்பா. கரிசல் மண்ணில் வடிகாலின்றி எழுந்த குடியிருப்பில் ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் நீர் புகும். பின்னாளில் அங்கே சாலை அகலப்படுத்த வேண்டுமானால், கட்டிய சுவரை இடிக்க வேண்டும். வடிகாலின் செலவைத் தொடக்கத்தில் விற்பவர் தப்பித்துக்கொண்டார். முப்பது ஆண்டு கழித்து வாங்கியவரும் நகராட்சியும் பன்மடங்காக அதைச் செலுத்துகிறார்கள்.

இரு தரப்பும் காணத் தவறுவது காலத்தை. நிகழ்ந்த தளர்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கடைசி நாள் இருந்தது: 2001 ஜனவரி 1, 2020 டிசம்பர் 31, 2025 ஜனவரி 1. அந்நாளுக்கு முன் தவறியவர் மன்னிக்கப்படுவார்; பின் வருபவர் பழைய தடைக்கே உட்படுவார். சந்தை இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. கடைசி நாள் ஒருமுறை நகர்ந்தால் மறுமுறையும் நகரும் என்பதே அது கற்ற பாடம். விதியை மதித்து அனுமதிக்குக் காத்திருந்த சிறு மனை விற்பனையாளர் ஒவ்வொரு மன்னிப்பின்போதும் தோற்றார்; காத்திராதவர் வென்றார். நேர்மையாக விலை கொடுத்து முறையான மனை வாங்கிய பள்ளி ஆசிரியரும் மில் தொழிலாளியும், பக்கத்து நிலத்தில் பாதி விலைக்கு வாங்கியவர் இறுதியில் அதே ஆவணத்தைப் பெறுவதைக் கண்டார்கள். மன்னிப்பு இரக்கத்திலிருந்து பிறந்ததாயினும், முறையான சிறுமனையின் சந்தை தோன்றாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வரலாற்றிலிருந்து தளர்வு வேண்டாம் என்ற முடிவுக்கு வர இயலாது. தளர்வு எவருக்கு, எந்தக் கட்டத்தில் தேவை என்பதே முடிவு செய்யப்பட வேண்டியது. சிறுநகரத்தின் எளிய குடும்பம் முதலில் வாங்குவது நிலம். வீட்டைப் பின்னர், கையில் பணம் சேரச் சேர, அறை அறையாகக் கட்டும். ஆகவே கட்டட அனுமதியை எளிதாக்குவது இரண்டாவது படி. முதற்படி, ஒரு குண்ட்டா அளவிலான மனைகளைக் கொண்ட, சாலையும் வடிகாலும் முன்னரே கோடிட்ட மனைப்பிரிவு அந்நகரத்தின் நில விலைக்குக் கட்டுப்படியாகும்படி இருப்பது. அதற்கு நகராட்சியில் ஒரு நகர அமைப்பு அலுவலர் வேண்டும், நிலத்தை ஒன்றுசேர்த்து மறுவரைவு செய்யும் எளிய, விரைவான முறை வேண்டும், சாலை வரும்வரை செலவைத் தாங்கும் நிதி வேண்டும். 1947-இன் சட்டப் பெயரில் இரண்டாவதாக நின்ற ஒருங்கிணைப்பு என்னும் சொல்லும், 1915-இன் சட்டம் தந்த வழியும் இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன.

ஹெரால்ட் மான் அளந்த பிம்ப்ளே சௌதாகர் இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. ஓர் ஏக்கருக்கும் குறைந்ததென அவர் கவலையோடு குறித்த துண்டுகள் இருந்த ஊரில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. நிலத்தை நம்பியிருக்கும் மிகையான மக்களுக்கு வேறு தொழில் வேண்டும் என்று 1918-இல் அம்பேத்கர் எழுதினார். அந்தத் தொழிலைத் தேடி அவர்கள் நகரங்களுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு எட்டியவை சிறுநகரங்களே. அங்கே தலைசாய்க்க 33 அடிக்கு 33 அடி இடம் வாங்க முயன்றபோது, ஊரில் அவர்கள் விட்டுவந்த வயலின் சட்டமே மீண்டும் எதிர்கொண்டது. ஏழு-பன்னிரண்டு படிவத்தில் பத்துப் பெயர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பெயரைத் தனியே எழுதுவதற்கு அரசு எடுத்துக்கொண்ட காலம், ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறை.